கோட்டைச் சுவருக்குக் காவல் உண்டு. குளத்துக் கரைக்குக் காவல் எங்கே?

வட்டக்கோட்டையைப் பார்க்காத குமரி ஜில்லாக்காரர் குறைவு. கன்னியாகுமரிக்கு வடகிழக்கே, கடல் அலை அடிவாரத்தைத் தொட்டுத் தொட்டு மீள, கருங்கல்லில் எழுந்து நிற்கும் கோட்டை அது. 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்ட டிலனாய் என்ற டச்சுக் கம்பெனிப் படைத்தலைவனைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்ட மார்த்தாண்டவர்மா மகாராஜா, அவனைக் கொண்டே இந்தக் கோட்டையைப் பலப்படுத்தினார். இங்கே கடலில் தொடங்கி, வடக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் வரை எதிரியைத் தடுக்க ஒரு காப்பு அரணே இருந்தது. 1809 பிப்ரவரியில் வேலுத்தம்பித் தளவாய் கம்பெனிக்கு எதிராக எழுந்தபோது, அந்த அரணை ஆரல்வாய்மொழியில் உடைத்துக்கொண்டு வெள்ளைக்காரன் படை உள்ளே புகுந்தது.

அதற்குப் பிறகு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. வட்டக்கோட்டைச் சுவரை முற்றுகையிட இன்று எந்த எதிரியும் வரப்போவதில்லை. ஆனாலும் அந்தச் சுவர் நிற்கிறது. மத்திய சர்க்காரின் தொல்லியல் துறை அதைப் பாதுகாக்கிறது. கல் பெயர்ந்தால் மறுபடி வைக்கிறார்கள்; புல் முளைத்தால் பிடுங்குகிறார்கள்; வாசலில் காவல் நிற்கிறது. நல்லது. முன்னோர் உழைப்பில் எழுந்த சுவர் அது; காக்கப்பட வேண்டியதுதான். அதில் நமக்கு வழக்கு இல்லை.

நம் வழக்கு வேறு.

அந்தச் சுவரின் மேல் ஏறி நில்லுங்கள். கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் பாருங்கள். மேற்கே மருந்துவாழ்மலை, அதற்கும் அப்பால் வடக்கே நீலமாய் நீண்டு கிடக்கும் மலைத்தொடர். அந்த மலைக்கும் இந்தக் கடலுக்கும் நடுவே கிடப்பதுதான் நாஞ்சில் நாடு. அங்கேயும் ஒரு கோட்டை உண்டு. மண்ணால் கட்டிய கோட்டை. ஒரு குளத்தின் மறுகால் அடுத்த குளத்தின் வாயாக, ஒரு வயலின் வடிகால் அடுத்த வயலின் வரத்தாக, கரை கரையாக, மடை மடையாக, தலைமுறை தலைமுறையாக உழவர்களும் கூலிகளும் மண் சுமந்து கட்டிய கோட்டை. அந்தக் கோட்டைக்கு எதிரி உண்டு. அவன் வருஷம் தவறாமல் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் படையெடுத்து வருகிறான். நாள் குறித்து, முன்னறிவிப்புக் கொடுத்து, இடி முழக்கிக்கொண்டு வருகிறான்.

எதிரி வராத கல் கோட்டைக்குக் காவல் இருக்கிறது. எதிரி வருஷந்தோறும் வருகிற மண் கோட்டைக்குக் காவல் இல்லை. இது என்ன நியாயம்? இதுவே நம் வழக்கு.

“இயற்கையின் சீற்றம்” என்ற சாக்கு

2021 நவம்பர் இரண்டாம் வாரத்தை ஜில்லா மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். மூன்று நாட்கள் மழை விடாமல் கொட்டியது. பழையாறு கரை புரண்டது. சானல்கள் உடைந்தன. குளங்கள் உடைந்தன. நட்டு வளர்ந்துகொண்டிருந்த கும்பப்பூப் பயிர் தண்ணீருக்கடியில் அழுகியது. நாகர்கோவில்–திருவனந்தபுரம் ரயில் பாதையில் மண் சரிந்து, தண்டவாளத்தைத் தண்ணீர் மூடி, ரயில்கள் நின்றன. 15-ஆம் தேதி முதலமைச்சரே நேரில் வந்து பார்த்தார். அதிகாரிகள் ஓடினார்கள். படம் பிடித்தார்கள். கணக்கு எழுதினார்கள்.

அன்று எல்லோர் வாயிலும் ஒரே சொல்: “இயற்கையின் சீற்றம்!”

நாம் கேட்கிறோம்: மழை இயற்கை, சரி. மழை பெய்வது யார் குற்றமும் இல்லை. ஆனால் மறுகாலில் மரம் முளைத்தது இயற்கையா? ஓடை வழியில் மண் கொட்டி மனை போட்டது இயற்கையா? மதகின் இரும்புத் திருகு துருப்பிடித்து, நாலு பேர் சேர்ந்தாலும் திரும்பாமல் நின்றது இயற்கையா? சானலின் அடியில் ஓடை கடந்து போகும் கண்ணில் குப்பை அடைத்துக்கொண்டது இயற்கையா?

மழை மேகத்திலிருந்து வருகிறது. வெள்ளச் சேதமோ, ஐயா, அலமாரியிலிருந்து வருகிறது! திறக்கப்படாமல் கிடக்கும் மராமத்துக் கோப்புகளின் அலமாரியிலிருந்து வருகிறது.

அந்த நாட்களில் ஓர் இரவை நாம் சொல்லவேண்டும். அகஸ்தீஸ்வரம் தாலுகாவில், கடலோரத்துக்குச் சற்று மேலே உள்ள ஒரு குளம். கரை கசிகிறது என்று செய்தி வந்து நாம் போனபோது ஊரே கரையில் நின்றது. சாக்கில் மணலை அள்ளி ஆண்கள் கட்டுகிறார்கள். பெண்கள் கடவத்தில் மண் சுமக்கிறார்கள். தென்னந்தடியை வெட்டிக் குறுக்கே போடுகிறார்கள். டார்ச் விளக்கு ஒன்று. மண்ணெண்ணெய் விளக்கு இரண்டு. சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு மாலையிலிருந்தே போன் செய்ததாக ஊர்க்காரர்கள் சொன்னார்கள். “அது எங்கள் எல்லையில் வராது” என்று ஓர் இடத்திலும், “காலையில் ஆள் வருவார்கள்” என்று இன்னோர் இடத்திலும் பதில் கிடைத்ததாம். காலையில் ஆள் வந்தது. ஆனால் கரை காத்திருக்கவில்லை. நடுஇரவுக்கு மேல் ஒரு முனகல் கேட்டது. அப்புறம் கரையின் ஒரு பாகம், ஈரச்சுவர் சரிவதுபோல் சத்தமில்லாமல் இறங்கிவிட்டது.

விடிந்தபிறகு, அந்த உடைப்பின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் பேசினோம். முன்பு அந்தப் பகுதியில் மடை பார்த்தவர். அவர் சொன்னது நம் காதில் இன்னும் ஒலிக்கிறது.

“வெள்ளம் உடைக்கல்ல தம்பி. நண்டு உடைச்சது. நண்டுவளையை அடைக்கதுக்கு ஒரு ஆள் இல்லாம ஆக்கினானே, அவன் உடைச்சான்.”

இதைவிட நல்ல விசாரணை அறிக்கையை எந்தக் கமிஷன் எழுத முடியும்?

வெள்ளம் எப்படி ‘தயாராகிறது’?

பெரியவர் சொன்னதை விளங்கிக்கொள்ள இஞ்சினியர் பட்டம் வேண்டாம். மண்கரை என்பது உயிருள்ள பொருள். நண்டும் எலியும் வளை தோண்டும், மரம் வேர்விடும், மாடு மிதித்து உச்சி தாழும். கோடையில் வெடிப்பு விழும். மழைக்கு முன்னால் ஒருவன் கரை முழுக்க நடந்து, வளையைத் தோண்டிப் பார்த்து, மண் போட்டு இடித்து அடைத்தால் அது கரை. இல்லாவிட்டால் அது கரை போலத் தெரியும் ஒரு மண்மேடு. குளம் நிறைந்ததும் அந்த வளை வழியே நூல்போல நீர் கசியும். நூல் கயிறாகும். கயிறு ஓடையாகும். உள்ளிருந்தே மண்ணை அரித்துக்கொண்டு போய், பிறகு கரை இறங்கும்.

அதோடு முடியாது. நாஞ்சில் நாட்டுக் குளங்கள் தனித்தனியாக இல்லை, சங்கிலியாக இருக்கின்றன. மேல்குளம் உடைந்தால் அதன் நீர் முழுவதும் ஒரே பாய்ச்சலில் கீழ்க்குளத்தில் விழுகிறது. அந்த வேகத்தைத் தாங்க அதன் மறுகால் போதாது. அது உடைகிறது. அப்புறம் அதற்குக் கீழுள்ளது. ஒரு நண்டுவளை நான்கு ஊரை மூழ்கடிக்கிறது!

அடுத்து, சானல்கள். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி நீரைப் புத்தன் அணையிலிருந்து கொண்டுவரும் தோவாளைச் சானல், அனந்தனார் சானல், நாஞ்சில்நாடு புத்தனார் சானல் போன்றவை மலைச்சரிவை ஒட்டி வளைந்து வளைந்து வருகின்றன. மலையிலிருந்து நேரே இறங்கும் ஓடைகள் அவற்றைக் குறுக்கே கடக்க வேண்டும். அதற்காகச் சானலுக்கு அடியிலோ மேலேயோ வழி வைத்துத்தான் கட்டினார்கள். அந்த வழி அடைபட்டால் ஓடை நீர் சானலுக்குள் விழுகிறது. பாசனத்துக்காக அளந்து வெட்டிய சானல் மலை வெள்ளத்தைத் தாங்குமா? கரை பிளந்து வயலுக்குள் பாய்கிறது. பிறகு “சானல் உடைந்தது” என்று செய்தி வருகிறது. சானல் உடையவில்லை, உடைக்கப்பட்டது.

அடுத்து, ஆறு. மகேந்திரகிரி மலைப்பக்கத்தில் தோன்றி, ஜீவா பிறந்த பூதப்பாண்டி வட்டாரத்தைக் கடந்து, நாகர்கோவிலின் ஓரமாக, சுசீந்திரம் வழியாக, மணக்குடியில் கடலில் சேர்கிறது பழையாறு. அதன் குறுக்கே வீரநாராயணமங்கலம், சபரி, குமரி, சோழன்திட்டை என்று பல சிற்றணைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் மணல்வாரி மதகு இருந்தால்தான் சேறும் மணலும் கீழே போகும். மதகு திறக்காவிட்டால் ஆற்றுப் படுகை உயர்கிறது. படுகை உயர உயர கரை தாழ்கிறது. கரையை யாரும் வெட்டாமலே கரை குட்டையாகிவிடுகிறது! மேலே ஆகாயத்தாமரை பாய் விரித்தாற்போல் மூடி, பாலத்தின் கண்களை அடைக்கிறது. நகரத்தின் சாக்கடையும் குப்பையும் வேறு.

கடைசியில், பொழிமுகம். மணக்குடியில் கடல் மணல் மேடிட்டு ஆற்றின் வாயை மூடும். வெள்ளம் வருமுன் பொழியை வெட்டிவிடவேண்டும். பிந்தினால், மேலிருந்து வரும் நீர் போக வழியில்லாமல் காயல் ஓரத்து வயலிலும் உப்பளத்திலும் குடிசையிலும் ஏறுகிறது. முந்தினால் உப்புநீர் உள்ளே வரும். ஆக, நாளும் நேரமும் பார்த்து வெட்டவேண்டிய வேலை அது. அந்த நாளையும் நேரத்தையும் பரம்பரையாக அறிந்தவர்கள் கடலோர மீனவர்களும் காயலோர உழவர்களும். அவர்களை யார் கேட்கிறார்கள்?

இப்போது சொல்லுங்கள். நண்டுவளை, மறுகால், ஓடைக்கண், மணல்வாரி, பாலத்துக் கண், பொழிமுகம் – இந்த ஆறு இடங்களில் எது மனிதன் கைக்கு எட்டாதது? எதற்குக் கோடி கோடியாய் வேண்டும்? எதற்கு அந்நிய நிபுணர் வேண்டும்?

ஓடும் நீர் ஒன்று, உடையவர்கள் எத்தனை?

கைக்கு எட்டும் வேலை ஏன் நடக்கவில்லை? ஏனென்றால் அது யாருடைய வேலையும் இல்லை.

பெரிய குளம் நீர்வளத்துறைக்கு. சின்னக் குளம் ஊராட்சிக்கு. கோயில் தெப்பக்குளம் அறநிலையத்துறைக்கு. ஓடைப் புறம்போக்கு வருவாய்த்துறைக்கு. பாலம் நெடுஞ்சாலைத்துறைக்கு. நான்குவழிச் சாலை மத்திய சர்க்காரின் ஆணையத்துக்கு. ரயில் பாதையின் அடிக்கண் ரயில்வேக்கு. மலை வனத்துறைக்கு. மழைத்துளி ஒன்றுதான், மலையிலிருந்து கடலுக்கு வருவதற்குள் அது எட்டு அலுவலகங்களின் எல்லையைக் கடக்கிறது. ஒவ்வொரு எல்லையிலும் ஒரு பதில் தயாராக இருக்கிறது: “எங்கள் எல்லையில் வராது.”

நான்குவழிச் சாலையை எடுத்துக்கொள்வோம். சாலை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. காய்கறி போக, நோயாளி போக, சாலை வேண்டும். ஆனால் காவல்கிணற்றிலிருந்து கேரள எல்லை நோக்கிக் குளங்களையும் வயல்களையும் ஊடறுத்து, மண்ணை மலைபோல் குவித்து உயர்த்துகிறபோது, அது சாலை மட்டுமல்ல. அது ஒரு அணை! மலைக்கும் கடலுக்கும் குறுக்கே கட்டிய அணை. அணை கட்டுகிறவன் மதகு எத்தனை, அகலம் எத்தனை என்று கேட்க வேண்டாமா? பழைய ஓடை ஒவ்வொன்றுக்கும், அதன் பெருவெள்ளத்துக்கு ஏற்ற அகலத்தில் கண் வைத்தார்களா? வைத்த கண்ணை யார் தூர் எடுப்பது? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் அலுவலகம் ஜில்லாவில் எது?

வயல் என்பது நெல் விளையும் இடம் மட்டுமல்ல. பெருமழையன்று வரப்பளவு நீரைத் தேக்கிவைத்து, மெல்ல மெல்ல விடும் பாத்திரம் அது. ஒரு வயலை மண் போட்டு மேடாக்கி மனை விற்றால், அந்தப் பாத்திரத்து நீர் பக்கத்து வீட்டு அடுக்களைக்குப் போகும். மனை விற்றவன் லாபத்தோடு போய்விடுவான். அடுக்களையில் தண்ணீரோடு நிற்பவள் யார்? தவணைக் கடனில் வீடு வாங்கிய குமாஸ்தாவின் மனைவி.

பொற்காலம் பேசுவோருக்கு

இந்த இடத்தில் ஒரு கூட்டம் குறுக்கிடும். “பார்த்தீர்களா, ராஜா காலத்தில் கரை நன்றாக இருந்தது. ஊரார் தாங்களே குடிமராமத்துச் செய்தார்கள். சர்க்காரை எதிர்பார்க்கவில்லை” என்பார்கள்.

நாம் இதை ஒப்புக்கொள்ளவில்லை. கரை நன்றாக இருந்தது, சரி. யார் முதுகில்? திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழிக்கும் பிரகடனமே 1855-இல்தான் வந்தது. அதுவரை மனிதனை மாட்டோடு விற்றார்கள். ‘ஊழியம்’ என்ற பெயரில் கூலியில்லாமல் வேலை வாங்கினார்கள். கரையை உயர்த்தியவனுக்கு அந்தக் கரைமேல் நடக்கவும் உரிமை இல்லை. பக்கத்துச் சென்னை ராஜதானியில் வெள்ளைக்காரன் 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டமே போட்டான்: கரை உடையும் அபாயம் வந்தால் உழைக்கும் சாதியார் வந்தே தீரவேண்டும், வராவிட்டால் தண்டனை! நிலவரியை வாங்கிக் கப்பலேற்றியவன் மராமத்தைக் குடியானவன் தலையில் கட்டினான். இதுதான் அந்தப் ‘பொற்காலம்’.

2017-இல் மாநில சர்க்கார் அதே ‘குடிமராமத்து’ என்ற பெயரில் ஒரு திட்டம் தொடங்கியது. விவசாயிகள் சங்கங்களே வேலை செய்யும் என்றார்கள். நல்ல வேலை நடந்த ஊர்களும் உண்டு. அதை மறைக்க மாட்டோம். ஆனால் சங்கத்தின் பெயரில் காண்டிராக்டர் புகுந்தார், தூர் எடுக்கிற பெயரில் மண் லாரியேறிப் போனது என்ற புகார்கள் பல ஜில்லாக்களில் எழுந்தன. கரையடியில் பள்ளம் தோண்டி மண் எடுத்தால் குளம் ஆழமாகாது, கரைதான் பலவீனமாகும். எட்டத்தில் தோண்ட வேண்டும், சீராகத் தோண்ட வேண்டும் என்பது மண்வெட்டி பிடித்த எவனுக்கும் தெரியும். அளவு பார்க்கிற கண் இல்லாவிட்டால் மராமத்தே உடைப்புக்கு வித்தாகிவிடும்.

ஆகவே நாம் கேட்பது ராஜா காலத்து ஊழியம் அல்ல. காண்டிராக்டர் காலத்துக் கண்துடைப்பும் அல்ல. கூலி கொடுத்து, கணக்குக் காட்டி, மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் மேற்பார்வையில், வருஷம் தவறாமல் நடக்கும் மராமத்து. பழைய சமுதாயம் சவுக்கைக் காட்டிச் செய்ததைப் புதிய சமுதாயம் உரிமையைக் கொடுத்துச் செய்யவேண்டும்.

டிலனாயின் கம்பெனி நாட்டைப் பாருங்கள்

வட்டக்கோட்டையை எழுப்பிய டிலனாய் டச்சுக் கம்பெனிச் சேவகன் என்றோம். அந்த டச்சு நாடு எப்படிப்பட்டது? நிலத்தில் சுமார் கால்பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே. அங்கே 13-ஆம் நூற்றாண்டிலிருந்தே ‘நீர் வாரியங்கள்’ உண்டு. இன்று 21 வாரியங்கள் இருக்கின்றன. நீருக்கென்று தனி வரி. நீருக்கென்று தனித் தேர்தல். கரையைப் பார்வையிட ஊர்த் தொண்டர்கள். அப்படிப்பட்ட நாட்டிலும் இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு கரைகள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. 1953 ஜனவரி 31 இரவு கடல் பொங்கியது. 1,836 பேர் மாண்டார்கள். அந்த அடிக்குப் பிறகு அவர்கள் விழித்துக்கொண்டு பெரும் தடுப்புகள் கட்டினார்கள். அதற்கும் பிறகு, சுவரை மட்டும் உயர்த்திப் பயனில்லை என்று கண்டு, இந்த நூற்றாண்டில் முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் கரையைப் பின்னுக்குத் தள்ளி ஆற்றுக்கே இடம் விட்டார்கள்.

முதலாளித்துவ நாடுதான் அது. ஆனாலும் நீரோடு சூதாடக்கூடாது என்று அடிபட்டுக் கற்றது. நாம் எத்தனை அடிக்குப் பிறகு கற்பது? 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கனஅடி நீர் அடையாற்றில் விடப்பட்டது, சென்னை மூழ்கியது. அது மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்று மத்தியத் தணிக்கை அதிகாரியின் அறிக்கையே சொன்னது. 2018 ஆகஸ்டில் பக்கத்துக் கேரளம் மூழ்கியது. நானூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடிக்குள் நீர் புகுந்தது. காயல்பட்டினம் நம் வட்டக்கோட்டையிலிருந்து எவ்வளவு தூரம்? கடலோரமாகவே போனால் அடுத்ததற்கு அடுத்த ஜில்லா! அந்த மேகம் இன்னும் கொஞ்சம் தெற்கே தள்ளி நின்றிருந்தால்?

கடல் சூடேறுகிறது, மழை குறைந்த நாட்களில் கூடுதலாகக் கொட்டும் காலம் இது என்று விஞ்ஞானிகள் எச்சரிக்கிறார்கள். சிலர் இதையும் சாக்காக்குகிறார்கள்: “பருவநிலை மாறிவிட்டது, நாம் என்ன செய்ய?” எதிரியின் பலம் கூடியிருக்கிறது என்றால் கோட்டையைப் பலப்படுத்துவதா, கதவைத் திறந்துவைத்துவிட்டுப் படுப்பதா?

ஏழையைக் காட்டித் தப்புவோர்

இன்னொரு சாக்கு: “ஆக்கிரமிப்பு!” சொன்னதும் புல்டோசர் எங்கே போகிறது? ஓடைக்கரைக் குடிசைக்கு.

நாம் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறோம். நீர் போகும் வழியில் எவர் வீடும் இருக்கக்கூடாது. ஏழையின் வீடும் இருக்கக்கூடாது. முதலில் சாவது அந்த வீட்டுக் குழந்தைதான். ஆனால் குளங்களைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-இல் சட்டம் வந்ததே, அது குடிசைக்கு மட்டுமா? மாடிக்கு இல்லையா? மண் நிரப்பிய மனைப்பிரிவுக்கு இல்லையா? சர்க்கார் தானே குளத்தில் கட்டிய கட்டடத்துக்கு இல்லையா? முதலில் பெரியவன், பிறகு சின்னவன். சின்னவனுக்கு, வேலைக்குப் போய்வரும் தூரத்தில் மனைப்பட்டா கொடுத்த பிறகே இடிப்பு. இதுதான் ஒழுங்கு.

அடுத்த சாக்கு: “பணமில்லை!” உடைந்த கரையை மழைக்குள் அடைக்க, அழுகிய பயிருக்கு நிவாரணம் கொடுக்க, அரித்துப்போன சாலையைப் போட, முகாமில் சோறு போட எங்கிருந்து பணம் வருகிறது? நண்டுவளையை அடைக்க ஒரு கூடை மண் போதும். உடைப்பை அடைக்க நூறு லாரி மண்ணும் போதாது. சிக்கனம் பேசும் கனவான்களுக்கு இந்தக் கணக்குத் தெரியாதா? தெரியும். மராமத்தில் திறப்பு விழா இல்லை, கல்வெட்டு இல்லை, மாலை இல்லை. உடையாத கரையை யாரும் படம் பிடிப்பதில்லை. உடைந்தபின் வருவதுதான் படம், அவசர டெண்டர், அவசரக் காண்டிராக்ட். அங்கேதான் சிலருக்கு விளைச்சல்!

நம் பங்குக்கு நாமும்

பிறரைக் கேட்ட கேள்வியை நம்மையும் கேட்டுக்கொள்வது நம் கடமை. நாம் என்ன செய்தோம்?

வெள்ளம் வந்த மறுநாள் கொடி பிடித்தோம். நிவாரணம் கேட்டோம். ஏக்கருக்கு இவ்வளவு என்று கோஷம் போட்டோம். அது தவறல்ல. ஆனால் ஆடியிலும் ஆவணியிலும், மண் காய்ந்து கிடக்கும்போது, கரைமேல் நடந்து ஒரு நண்டுவளையைக் காட்டி “இதை அடை” என்று கேட்டோமா? குறைவாகவே கேட்டோம். 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்குத் தேர்தல் வந்தபோது, அது வசதி படைத்தோர் சமாசாரம் என்று பல ஊர்களில் ஒதுங்கிக்கொண்டோம். ஒதுங்கிய இடத்தில் காண்டிராக்டர் உட்கார்ந்தார். நம் விவசாயித் தோழர்களிலும் சிலர், விலை கட்டவில்லை என்று வயலை மனைக்காரனுக்குக் கொடுத்தார்கள். நெல்லுக்கு நியாய விலை கிடைக்காதவன் வேறென்ன செய்வான் என்பது உண்மை. ஆனால் விற்ற வயலின் தண்ணீர் பக்கத்து விவசாயியின் பயிரில் ஏறியது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே பேசவேண்டும்.

உடைந்த பிறகு அழுவது துக்கம். உடையுமுன் கேட்பதே அரசியல். இந்தப் பாடத்தை நாம் பிந்திப் படித்தோம். இனி மறக்க மாட்டோம்.

என்ன செய்யவேண்டும்?

நாம் வானத்தைக் கேட்கவில்லை. கேட்பவை இவை:

1. ஆண்டுதோறும் புரட்டாசி பிறக்குமுன் எல்லாக் குளத்துக் கரையிலும், சானல் கரையிலும், பழையாற்றுக் கரையிலும் பகிரங்கப் பார்வை நடக்கவேண்டும். அதிகாரி, ஊராட்சி உறுப்பினர், பாசன விவசாயி, விவசாயக் கூலி, கடலோர ஊர்களில் மீனவர் – அனைவரும் சேர்ந்து நடந்து, கண்ட குறையை அங்கேயே எழுதிக் கையெழுத்திடவேண்டும். ஐப்பசி பிறக்குமுன் வேலை முடிந்தாகவேண்டும்.

2. ஒவ்வொரு குளத்திலும் ஒரு பலகை: பரப்பு எவ்வளவு, மறுகால் மட்டம் எது, கடைசியாக மராமத்து நடந்த வருஷம் எது, செலவு எவ்வளவு, செய்தவர் யார், பொறுப்பான அலுவலகம் எது, இரவில் கூப்பிட வேண்டிய எண் எது. கோட்டைக்குப் பலகை வைக்கத் தெரிந்த சர்க்காருக்குக் குளத்துக்கு வைக்கத் தெரியாதா?

3. சானலுக்கும் குளத்துக்கும் காவல் பார்த்த லஸ்கர் வேலைகளில் காலி இடங்களை நிரப்பவேண்டும். நிரந்தரச் சம்பளம் கொடுக்கவேண்டும். மடை பார்த்த பெரியவர்களின் அனுபவத்தை இளைஞர்களுக்குக் கற்பிக்க அவர்களைக் கூலி கொடுத்து அழைக்கவேண்டும். ஊரக வேலைத் திட்டத்துக்கு எந்தப் பெயர் வைத்தாலும், அதன் உழைப்பில் முதல் பங்கு கரைக்கும் ஓடைக்கும் போகவேண்டும். உரிய கூலி உரிய நாளில் கைக்கு வரவேண்டும்.

4. நான்குவழிச் சாலை, ரயில் பாதை, ஊர்ப் பாலங்கள் எல்லாவற்றின் நீர்க்கண்களையும் கணக்கெடுத்து, போதாதவற்றை அகலப்படுத்தவேண்டும். சிற்றணைகளின் மணல்வாரி மதகுகள் இயங்கவேண்டும்.

5. பேச்சிப்பாறைக்கு முழு மட்டம் 48 அடி. பெருஞ்சாணிக்கு 77 அடி. மழைக்காலத்தில் எந்த மட்டத்தில் எவ்வளவு நீர் விடப்படும் என்ற விதியை முன்கூட்டியே தமிழில் அச்சிட்டு, கோதையாறு, பரளியாறு, குழித்துறை ஆற்றங்கரை ஊர்களுக்குக் கொடுக்கவேண்டும். கும்பப்பூவுக்கு நீரும் வேண்டும். வெள்ளத்துக்கு இடமும் வேண்டும். இந்த இரண்டையும் அடைத்த கதவுக்குள் தீர்மானிக்கக்கூடாது.

6. மணக்குடிப் பொழியை எப்போது வெட்டுவது என்பதை மீனவரும் விவசாயியும் உப்பளத் தொழிலாளியும் உட்கார்ந்த குழு முடிவு செய்யவேண்டும்.

7. வயலையும் குளத்தையும் மூடும் மனை வியாபாரத்தை நிறுத்தவேண்டும். நெல்லுக்குக் கட்டுபடியாகும் விலை கொடுக்கவேண்டும். சுசீந்திரம்–தேரூர் நீர்நிலைகள் 2022-இல் உலக ராம்சார் பட்டியலில் ஏறின. பறவைக்குப் புகலிடம் என்று பெருமை பேசினால் போதாது; அந்த நீர்நிலைக்கு வந்து போகும் வழியும் காக்கப்படவேண்டும்.

இவற்றில் எது நடக்கமுடியாதது? எது அதிகப்படியானது? அதிகாரிகள் சொல்லட்டும், ஜனங்கள் நடுவில் வந்து சொல்லட்டும்.

வட்டக்கோட்டை கல்லால் கட்டியது. ஆனால் 1809-இல் காவல் தளர்ந்த இடத்தில்தான் அரண் உடைந்தது. சுவரின் பலம் கல்லில் இல்லை; அதன் பின்னால் விழித்திருக்கும் மனிதரிடம் இருக்கிறது. நம் மண்கோட்டைக்கும் அதுவே விதி.

ஆகவே ஊர்தோறும் தோழர்களே, விவசாயிகளே, கூலி உழைப்பாளிகளே, கடலோரத்து மக்களே! மழைக்காகக் காத்திருக்கவேண்டாம். இந்த ஆவணியிலேயே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு உங்கள் குளத்துக் கரையில் ஒருமுறை நடந்து பாருங்கள். வளை எங்கே, வெடிப்பு எங்கே, அடைப்பு எங்கே என்று எழுதுங்கள். எழுதியதை அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். ரசீதுக்கு வேலை நடக்காவிட்டால், ஊரோடு போய் அந்த வாசலில் உட்காருங்கள்.

கார்த்திகை இருட்டில் சாக்கு மூட்டையோடு ஓடுவதைவிட, ஆவணி வெயிலில் அலுவலக வாசலில் உட்காருவது எவ்வளவோ மேல்!